குலாக்கு: சொல் விளக்கம்

தமிழில் ‘குலாக்’ என்று எழுதினால் அது இரண்டு ரஷ்யச் சொற்களுக்குப் பொதுவாகிவிடுகிறது. ஒன்று, வசதியுள்ள உழவரைக் குறிப்பது. மற்றது, 1930இல் உருவான கட்டாய உழைப்பு முகாம்களின் தலைமை நிர்வாகத்தின் பெயர்ச் சுருக்கம். நம் எழுத்தில் ககரம் ஒன்றே என்பதால் படிப்பவர் குழம்புகிறார். உழவரைக் குலாக்கு (பன்மை: குலாக்குகள்) என்றும், மற்றதை ‘முகாம் நிர்வாகம்’ என்றும் எழுதினால் சிக்கல் தீரும். இங்கே பேசப்போவது குலாக்கைப் பற்றி.

சொல்லின் நேர்ப்பொருள் கைமுட்டி, அதாவது இறுக மூடிய கை. புரட்சிக்கு முந்தைய ரஷ்யக் கிராமத்தில் இது வசைச்சொல். பஞ்சக் காலத்தில் தானியத்தை வட்டிக்குக் கொடுத்து அறுவடையில் வாரிக்கொள்பவரையும், அடுத்தவர் விளைச்சலை அடிமாட்டு விலைக்கு வாங்கி விற்பவரையும் அப்படிச் சொன்னார்கள். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்கிறோமே, அந்த ரகம். அப்போது சொல் ஒருவரின் நடத்தையைச் சுட்டியதே தவிர, அவருக்கு எத்தனை மா நிலம் என்பதை அல்ல. 1918இல் லெனின் அரசு ஏழை உழவர் குழுக்களைக் கொண்டு தானியம் கைப்பற்றியபோது அது வர்க்கப் பெயராக மாறியது.

1929 மே மாதச் சோவியத் அரசாணை குலாக்குக்கு அடையாளங்களை வகுத்தது. தொடர்ந்து கூலிக்கு ஆள் வைத்தல், அரவை ஆலை அல்லது எண்ணெய் ஆலை வைத்திருத்தல், இயந்திரங்களை வாடகைக்கு விடுதல், கட்டடத்தை வாடகைக்கு விடுதல், வியாபாரம், வட்டித்தொழில், மதகுருப் பணி போன்ற உழைக்காத வருமானம். வருமானம் ஒரு வரம்பைத் தாண்டி, இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். இந்தப் பட்டியலைத் திருவாரூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் பொருத்திப் பாருங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கூப்பிடாத வீடு டெல்டாவில் ஏது? டிராக்டரை வாடகை உழவுக்கு விடுபவர், நெல் அரவை மில்காரர், வாசலறையை உரக்கடைக்கு விட்டவர், கோயில் குருக்கள் என எல்லாரும் வலைக்குள் வந்துவிடுவார்கள்.

1929 டிசம்பர் 27 அன்று ஸ்டாலின், குலாக்குகளை ஒரு வர்க்கமாகவே ஒழிப்பதாக அறிவித்தார். 1930 ஜனவரி 30 அன்று கட்சித் தலைமை அதற்கு வழிமுறை வகுத்தது. முதல் பிரிவினருக்கு முகாம் அல்லது மரண தண்டனை. இரண்டாம் பிரிவினர் குடும்பத்தோடு வடபகுதி, யூரல், சைபீரியா, கஜகஸ்தான் போன்ற தொலைவிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மூன்றாம் பிரிவினருக்குத் தங்கள் மாவட்ட எல்லைக்குள்ளேயே, உழவர்களின் நிலத்தையும் கால்நடையையும் ஒன்றாகச் சேர்த்து அரசு அமைத்த கூட்டுப்பண்ணைக்கு வெளியே, மட்டமான நிலம். கொடுமையின் வேர் அடுத்த விதியில் இருக்கிறது. எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்று இலக்கு முன்கூட்டியே குறிக்கப்பட்டது. மொத்தத்தில் 3 முதல் 5 சதவீதக் குடும்பங்கள். 400 வீடுள்ள ஊரில் 12 முதல் 20 வீடு. குலாக்கு இருக்கிறாரா என்று யாரும் தேடவில்லை, எண்ணிக்கையை நிரப்பினார்கள். ஆள் போதாத ஊரில் இரண்டு மாடு வைத்திருந்த நடுத்தர உழவர் பட்டியலில் ஏறினார். பழைய பகை தீர்க்கவும் பட்டியல் பயன்பட்டது. அஞ்சியவர்கள் கால்நடைகளை அறுத்தும் விற்றும் தீர்த்தார்கள். சில ஆண்டுகளில் நாட்டின் குதிரைகள் ஏறத்தாழப் பாதியாகிவிட்டன, ஏர் பூட்ட விலங்கில்லை. 1930, 1931 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் சுமார் 18 லட்சம் பேர் தொலைவிடங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள்.

கூட்டுப்பண்ணையில் சேர மறுத்த பரம ஏழையை என்ன செய்வது? அவரைக் குலாக்கு என்று சொல்ல வழியில்லை. அதற்காகவே இன்னொரு சொல் புழங்கியது. தமிழில் ‘குலாக்கின் கையாள்’ எனலாம். அதன்பின் பட்டியலுக்கு வெளியே நிற்க யாராலும் முடியவில்லை.

தமிழில் என்ன சொல்வது? ‘மிராசுதார்’, ‘பண்ணையார்’, ‘நிலப்பிரபு’ மூன்றும் தவறு. ரஷ்ய நிலப்பிரபுக்களின் நிலம் 1917 அரசாணையிலேயே பறிபோயிற்று; குலாக்கு எனப்பட்டவர் பெரும்பாலும் தானே ஏர் பிடித்த குடியானவர். கீழத்தஞ்சையில் இந்தத் தவறு இன்னும் கனமானது. பண்ணையாள் முறையும், 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் நினைவில் நிற்கும் மண்ணில், ‘மிராசுதார்’ என்ற சொல்லுக்கு நியாயமான கோபம் உண்டு. அந்தக் கோபத்தை, உக்ரைனில் பசுவையும் வீட்டையும் இழந்த ஓர் உழவர் குடும்பத்தின் மேல் ஏற்றிவிடக் கூடாது. பொருளாதார நிலையைச் சொல்லும் இடத்தில் ‘வசதியுள்ள உழவர்’ போதும். 1929க்குப் பிந்தைய நடவடிக்கையைச் சொல்லும் இடத்தில் ‘குலாக்கு’ என்றே வைப்பது நேர்மை, அது ஆட்சி ஒட்டிய முத்திரை என்பதால்.

அந்த நடவடிக்கையைக் ‘குலாக்கு ஒழிப்பு’ என்றால் ஆட்சியாளர் பேச்சையே நாமும் பேசியதாகும். நம்மிடம் நல்ல சொல் கல்வெட்டிலேயே இருக்கிறது. சோழர் காலத்தில் நிலத்தைக் கோயிலுக்குக் கொடுக்கும்போது, பழைய குடிகளை இருக்கவிட்டால் ‘குடிநீங்காத் தேவதானம்’. அகற்றிவிட்டுக் கொடுத்தால் ‘குடிநீக்கி’. அதிலிருந்து குடிநீக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘1930இல் அந்த ஊரில் பதினைந்து குடும்பங்கள் குடிநீக்கத்துக்கு ஆளாயின’ என்று எழுதினால், போனது நிலம் மட்டுமல்ல, குடியும்தான் என்பது விளங்கும்.