பக்கத்து வீட்டு ஆயிரமும் சிஸ்டரின் சம்பளச் சீட்டும்

"நைட் டூட்டி பாத்துட்டு வர்ற எனக்கு ஒண்ணும் கிடையாதுண்ணே, வீட்டுல இருக்கற பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாசம் பதினஞ்சாம் தேதியானா ஆயிரம் ரூவா ஏறிடுது." மூன்று மாதத்துக்கு முன்னால் சிம்மக்கல்லில் இருக்கும் என் ஆபீஸுக்கு வந்த ஒரு நர்ஸ், உட்கார்ந்ததும் சொன்னது இதுதான். பதினெட்டு வருடமாக பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கணக்குப் பார்க்கிறேன். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து என்னிடம் வரும் ஆஸ்பத்திரி ஆட்கள், லேப் டெக்னீஷியனோ வார்டு ஆயாவோ யாராக இருந்தாலும், பாதிப் பேர் இதே பேச்சோடுதான் வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2023 செப்டம்பர் 15-இல் அந்த ஆயிரம், அதாவது மகளிர் உரிமைத் தொகை, தொடங்கியபோது வைத்த விதிகளில் முக்கியமானது, குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. இவருக்குச் சம்பளம் 11,500. கணவர் ஒரு வெல்டிங் பட்டறையில் 10,000 வாங்குகிறார். இரண்டையும் கூட்டிப் பன்னிரண்டால் பெருக்கினால் 2,58,000. எட்டாயிரம் ரூபாயில் போய்விட்டது. சொந்த நிலம் கிடையாது, காரும் கிடையாது, செக்கானூரணியில் வாடகை வீடு. விண்ணப்பத்தில் சம்பளச் சீட்டில் இருந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்.

சரி, அந்தச் சீட்டைக் காட்டுங்கள் சிஸ்டர் என்றேன். பையிலிருந்து நாலாக மடித்த கால் பக்கத் தாளை எடுத்தார். மொத்தச் சம்பளம் 11,500. பிஎஃப் 2,760. இஎஸ்ஐ 461. கையில் கொடுத்தது 8,279.

இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அந்த 2,760-ஐப் பார்த்ததும் வயிறு எரியும். தொழிலாளியிடம் பிடிக்க வேண்டிய பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,380 ரூபாய். இஎஸ்ஐ முக்கால் சதவீதம், அது 87 ரூபாய். நிர்வாகம் தன் பங்காக பிஎஃப்புக்கு இன்னொரு 12 சதவீதமும் இஎஸ்ஐக்கு 3.25 சதவீதமும் தன் கையிலிருந்து போட வேண்டும், அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் கைவைத்து எடுக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. இங்கே இரண்டு பங்கையும் இந்தப் பெண்ணிடமே பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். முறையாகப் பிடித்திருந்தால் அவர் கைக்கு 10,033 வந்திருக்கும். மாதம் 1,754 ரூபாய் போயிருக்கிறது. சம்பளம் 11,500 ஆகிப் பதினாலு மாதம் ஆகிறது, மொத்தம் 24,556.

பக்கத்து வீட்டு ஆயிரத்தை நினைத்து அவர் தூக்கம் கெட்டுக்கொண்டிருந்த அத்தனை மாதமும் அவருடைய சொந்தப் பணம் ஆயிரத்து எழுநூறுக்கு மேல் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை: கைக்கு உண்மையில் வந்த 8,279-ஐ வைத்துப் பார்த்தால் அந்தக் குடும்பம் 2,19,348 ரூபாயில் ஓடியிருக்கிறது. சீட்டில் மட்டும் இருந்து கைக்கு வராத பணம் அவரை வசதியானவராகக் காட்டி, உரிமைத் தொகையிலிருந்து வெளியே தள்ளிவிட்டது.

ஏன் யாரும் கண்டுபிடிப்பதில்லை என்றால், பிஎஃப் பாஸ்புக் ஒழுங்காக இருக்கும். இவருடைய பாஸ்புக்கைத் திறந்து காட்டினேன். தொழிலாளி பங்கு 1,380, நிர்வாகத்தின் பங்கில் பிஎஃப்புக்கு 422, பென்ஷனுக்கு 958, மாதம் தவறாமல் ஏறியிருக்கிறது. 'முதலாளி ஒழுங்காக் கட்டுறாரு' என்றுதான் யாருக்கும் தோன்றும். யார் பணத்திலிருந்து கட்டினார் என்பதை பாஸ்புக் சொல்லாது, சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கேட்டால் 'பேக்கேஜே அவ்வளவுதான், எல்லாம் சேர்த்துத்தான் சொன்னோம்' என்பார்கள். சேரும்போது அப்படிச் சொன்னார்களா என்று பார்க்க நியமனக் கடிதம் வேண்டும், இவரிடம் அது இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நியமனக் கடிதம் கட்டாயம் என்று ஆகியிருக்கிறது. உங்களிடம் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள், வாயால் கேட்டால் நிற்காது.

நான் ஆஸ்பத்திரிகளுக்கும்தான் கணக்குப் பார்க்கிறேன். காப்பீட்டுத் திட்டப் பணம் மாதக்கணக்கில் வராமல், ஸ்கேன் மெஷினுக்கு வாங்கிய கடன் தவணை கழுத்தைப் பிடிக்க, சம்பளத் தேதியில் டாக்டர் தவிப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அதற்காக நர்ஸ் சம்பளத்தில் கைவைக்கலாம் என்று ஆகிவிடாது. மருந்துக் கம்பெனிக்குப் பாக்கி வைத்தால் சரக்கு நின்றுவிடும், கரண்ட் பில் கட்டாவிட்டால் இணைப்பு போய்விடும், சிஸ்டருக்குக் குறைத்துக் கொடுத்தால் மட்டும் மறுநாளும் வேலைக்கு வந்துவிடுவார், அந்தத் தைரியம்தான்.

எவ்வளவு குறைத்து என்பதற்கும் ஒரு அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு போட்டது. தனியார் ஆஸ்பத்திரியில் 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும், எவ்வளவு சின்ன ஆஸ்பத்திரியானாலும் 20,000-க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரைதான், அதை வைத்து நாளைக்கே போய்க் கேட்க முடியாது. ஆனால் பத்து வருடத்துக்கு முன்னால் 20,000 வேண்டும் என்று சொன்ன வேலைக்கு இன்றைக்கு மதுரையில் 11,500 கொடுக்கிறார்கள், அதிலும் இந்தப் பிடித்தம். அரசாங்கமும் இதில் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். 2015-இல் தேர்வு எழுதி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வந்த ஒப்பந்த நர்ஸுகளுக்கு 7,700 தொகுப்பூதியம் என்றுதான் ஆரம்பித்தார்கள், 18,000 ஆவதற்குள் எத்தனை போராட்டம்.

அப்புறம் அந்த ஆயிரம். சிஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன், நீங்கள் நைட் போகும்போது பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தப் பக்கத்து வீட்டு அக்காதாண்ணே" என்றார். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு ராத்திரி அந்த அக்கா வீட்டில்தான் பிள்ளை தூங்குகிறது, காலையில் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதும் அவர்தான். அதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. சிஸ்டரும் சலுகை வாங்காதவர் இல்லை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, செக்கானூரணியிலிருந்து அதில்தான் வருகிறார், வீட்டில் பொங்குவது ரேஷன் அரிசி. பஸ்ஸுக்கும் அரிசிக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தால் 8,279-க்கு யாராலும் வேலைக்கு வந்து போக முடியாது. ஆஸ்பத்திரி கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதியை ஊர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இலவசத்தை நிறுத்தினால் இவர் சம்பளம் ஒரு ரூபாய் ஏறாது, இவர் கையிலிருந்து போவதுதான் கூடும்.

இஎஸ்ஐ பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைப்பேறு வந்தால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் வருவதையே எல்லோரும் பேசுகிறோம், அது 18,000 ரூபாய் மதிப்பு. 21,000-க்குள் சம்பளம் வாங்கி, இஎஸ்ஐ ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கும் பெண்ணுக்கு 26 வாரம் முழுச் சம்பளம் உண்டு. 11,500 சம்பளத்துக்கு அது 69,000-க்கு மேல் வரும். உடம்பு முடியாமல் படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதம். டூட்டியில் ஊசி குத்தித் தொற்று வந்தால் அது வேலையில் நேர்ந்த பாதிப்பு, அதற்குத் தனி ஈடு. தத்தனேரி இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் வரிசை நீளம் என்று சலித்துக்கொண்டு, 'எனக்கு இஎஸ்ஐ வேண்டாம் சார், அந்தக் காசைக் கையில கொடுங்க' என்று எழுதிக் கொடுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். 87 ரூபாய்க்காக 69,000-ஐ விடுகிறீர்கள்.

பார்க்க வேண்டியது ரொம்ப இல்லை. பிஎஃப்பில் பதிவான போனிலிருந்து 9966044425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியாக வரும், காசு கிடையாது. வந்த தொகையைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். சம்பளத்தில் 12 சதவீதத்துக்கு மேல் பிடித்திருந்தால், ஏன் என்று எழுதிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மாதம் 27-ஆம் தேதி பிஎஃப்காரர்களே மாவட்டந்தோறும் குறை கேட்கும் முகாம் நடத்துகிறார்கள், சீட்டுகளோடு அங்கே போகலாம். சீட்டே கொடுக்காத இடமென்றால் வங்கிக் கணக்கில் ஏறிய தொகையையும் டூட்டி சார்ட்டையும் மாதாமாதம் போட்டோ எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரிகளுக்குத் தமிழ்நாட்டில் தனியாகக் குறைந்தபட்சக் கூலி இருக்கிறது, அகவிலைப்படி ஏப்ரலில் மாறும், அதையும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சிஸ்டர் எழுதிக் கேட்டார். முதலில் நர்ஸிங் சூப்பரின்டெண்ட் கூப்பிட்டு, வேலை வேண்டுமா வேண்டாமா என்று பேசியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த மாதச் சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்: பிஎஃப் 1,380, இஎஸ்ஐ 87, கையில் 10,033. பழைய 24,556 பற்றி இன்னும் ஆஸ்பத்திரி வாய் திறக்கவில்லை, மனு கொடுத்திருக்கிறோம். அவரோடு நைட் பார்க்கும் இன்னும் இரண்டு பேர் வருகிற சனிக்கிழமை வருகிறார்கள், ஒரு வருடச் சீட்டு அத்தனையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.