மார்பகப் புற்றுநோய்க்கு முதலமைச்சர் காப்பீடு: எங்கெங்கே அலைய விடுகிறார்கள்?

மார்பில் கட்டி என்று பதறி வரும் பெண்ணிடம், "முதல்ல காப்பீட்டு கார்டு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவது இன்னும் நடக்கிறது. அவரும் வருமானச் சான்றுக்கு ஒரு வாசல், ரேஷன் கார்டுக்கு ஒரு வாசல் என்று நடக்கிறார். கட்டி அதுவரை காத்திருக்காது. அரசு மருத்துவமனையில் கட்டியைக் காட்டவும், பயாப்ஸி (கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை) எடுக்கவும் காப்பீட்டு கார்டு தேவையில்லை. ஓ.பி. சீட்டு போதும். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை இலவசம். பரிசோதனை ஒரு பக்கம் நடக்கட்டும், கார்டு வேலையை வீட்டில் இன்னொருவர் பார்க்கட்டும்.

திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்து நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 72,000 என்பது பழைய வரம்பு. அதைச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால் நகராதீர்கள்.

குடும்பத்தில் யார் யார் என்று பார்ப்பது ரேஷன் கார்டை வைத்துத்தான். பெண்கள் அதிகம் சிக்குவதும் அங்கேதான். கல்யாணமானதும் அம்மா வீட்டு கார்டிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். புகுந்த வீட்டு கார்டில் சேர்ப்பதை "குழந்தை பிறந்ததும் சேர்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். வருஷங்கள் ஓடிவிடும். நோய் வரும்போது அந்தப் பெண் எந்த கார்டிலும் இல்லை. கணவரிடம் காப்பீட்டு கார்டு இருக்கும், இவர் பெயர் அதில் இருக்காது. இன்றே உங்கள் ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள், நோய் இல்லாதவர்களும்தான். ஆதாரில் "முத்துலட்சுமி", ரேஷன் கார்டில் "லட்சுமி" என்று இருந்தாலும் கவுன்ட்டரில் நிறுத்திவிடுவார்கள். உயிர் போகிற நோயோடு நிற்பவரை எழுத்துப் பிழை திருத்த அனுப்புவது கொடுமை. ஆனாலும் அதை முன்கூட்டியே திருத்திக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

வருமானத்தில் இன்னொரு சிக்கல். பார்ப்பது குடும்பத்தின் மொத்த வருமானத்தை. தனிக்குடித்தனம் போன மகனின் பெயர் அம்மாவின் ரேஷன் கார்டிலேயே தங்கியிருந்தால், அவர் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட இடம் கொடுத்ததாகிவிடும். உண்மையில் தனியாக வாழ்கிறார் என்றால் தனி கார்டு வாங்கச் சொல்லுங்கள். பிறகு வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அசலும் நகலும் வேண்டும். இடையில் கமிஷன் கேட்பவர் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

கார்டு கையில் வந்ததும் அடுத்த பொறி. "இங்கே காப்பீடு உண்டு" என்று பலகை வைத்த தனியார் மருத்துவமனை எல்லாவற்றிலும் புற்றுநோய்க்குக் காப்பீடு கிடைக்காது. எந்தெந்தப் பிரிவுக்கு அனுமதி என்று தனித்தனியாகத்தான் கொடுப்பார்கள். எலும்பு முறிவுக்கு அனுமதி வாங்கிய இடத்தில் மார்பக அறுவை சிகிச்சைக்குப் பணம் கேட்பார்கள். அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள்: அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் இந்த கார்டில் இங்கேயே உண்டா? ஒன்று இல்லையென்றாலும், அதை எங்கே செய்ய அனுப்புவார்கள் என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஆபரேஷன் முடித்துவிட்டு, கதிர்வீச்சுக்கு இடம் தேடி வாரக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இது பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் அல்ல. முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். நகை அடகு வைத்துக் கட்டிய அட்வான்ஸ் போனது போனதுதான்.

கீமோவில் இந்த ஒப்புதல் படுத்தும் பாடு பெரிது. பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு முறை மருந்து. காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்தவரிடம் மத்தியானம், "அப்ரூவல் வரலை, நாளைக்கு வாங்க" என்பார்கள். இரண்டு நாள் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்குப் போன் போட்டு ஒப்புதல் விண்ணப்பம் போய்விட்டதா என்று கேட்டுவிடுங்கள். 5 லட்சம் குடும்பத்துக்கே சேர்த்து என்பதால், அதே ஆண்டில் கணவருக்கு இதய சிகிச்சை நடந்திருந்தால் மீதி எவ்வளவு என்றும் விசாரியுங்கள்.

பயாப்ஸிக்குப் பின், கட்டி எந்த வகை, எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி வழக்கமாக ஓராண்டு போகும்; அந்த அறிக்கை இல்லாமல் அதற்கு ஒப்புதல் கேட்க முடியாது. மருத்துவமனை மாறினால், சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கையெழுத்துப் போட்டு வாங்கிச் செல்லுங்கள். தீப்பெட்டி அளவுகூட இல்லாத அந்த பிளாக் தொலைந்தால் மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டி வரலாம்.

திட்டத்தில் சேர்ந்த சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் அங்கிருந்தே பேசுங்கள். பேசிய தேதி, புகார் எண், பணம் கேட்டவரின் பெயர் மூன்றையும் சிகிச்சை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.