எர்ரர் கோட் வந்தால் அழித்துவிட்டு வராதீர்கள்

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு பெங்களூர் மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு தம்பி கார் கொண்டுவந்தார். 2011 மாடல் பெட்ரோல் செடான். சேலம் போக வேண்டும், மீட்டரில் இன்ஜின் லைட் எரிகிறது.

"அண்ணா, நானே போன்ல ஸ்கேன் பண்ணிட்டேன். பி0171 வந்துச்சு. நெட்ல பார்த்து ஆக்சிஜன் சென்சார் மாத்தி, கோட் அழிச்சிட்டேன். ரெண்டு நாள்ல திரும்ப வந்துடுச்சு."

கையில் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய குட்டி ப்ளூடூத் அடாப்டர். காரின் சாக்கெட்டில் செருகினால் இன்ஜின் தகவலைப் போனுக்கு அனுப்பும்.

பி0171 என்றால் இன்ஜினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த ஆக்சிஜன் சென்சார்தான். உண்மையைச் சொன்ன சாட்சியைத் தூக்கி வெளியே போட்டிருக்கிறார்!

அதைவிட எனக்கு வருத்தம், அவர் கோட் அழித்தது. கோட் பதிவாகும்போது இன்ஜின் எந்த ஆர்.பி.எம்.மில் இருந்தது, எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யூ. சேர்த்துக் குறித்துக்கொள்ளும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். கோட் அழித்தால் அதுவும் போய்விடும். நல்லவேளை, இரண்டாவது முறை வந்ததை அழிக்காமல் கொண்டுவந்தார். பார்த்தால் வேகம் பூஜ்யம், இன்ஜின் நல்ல சூடு, ஆர்.பி.எம். 700. ஏதோ சிக்னலில் நின்றபோது வந்திருக்கிறது.

அவருடைய போனிலேயே லைவ் டேட்டா திறந்தேன். ஃப்யூயல் ட்ரிம் என்று ஒரு எண் வரும். கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டியோ குறைத்தோ ஊற்ற வேண்டியிருக்கிறது என்பது அது. ஷார்ட் (அந்த நேரத்துக்கானது), லாங் (நாள்பட்டது) இரண்டையும் கூட்டினால், ஆக்சிலரேட்டர் மிதிக்காத ஐடிலில் 27. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500-ல் நிறுத்தினால் 6-க்கு இறங்கியது. அப்போதே பாதி வேலை முடிந்தது. அவருடையது காற்றை நேரடியாக அளக்கும் மேஃப் சென்சார் வைத்த இன்ஜின். அந்த சென்சாரைத் தாண்டி ஓர் ஓட்டை வழியாகக் காற்று நுழைந்தால் ஐடிலில் அது பெரிய பங்கு. ரேஸ் செய்தால் மொத்தக் காற்றில் கரைந்துவிடும். மாறாக, லோடு ஏற ஏற எண்ணும் ஏறியிருந்தால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போயிருப்பேன். இன்டேக் அடியில், இன்ஜின் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பி.சி.வி. ஹோஸின் வளைவில் வெடிப்பு, விரல் வைத்தால் தெரிந்தது. ஜே.சி. ரோட்டில் வாங்கிய புது ஹோஸின் விலை, அவர் வாங்கிய சென்சாரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

போனை காரில் இணைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நல்ல கருவி. சில்க் போர்டு நெரிசலில் கூலன்ட் சூட்டை எண்ணாகப் பார்ப்பதற்கே வாங்கலாம். மீட்டர் முள் அசைவதற்குள் போனில் தெரிந்துவிடும்.

ஆனால் எல்லாப் பழைய காரும் பேசாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருப்பதால் மட்டும் ஆகாது. இந்தியாவில் பி.எஸ். 4 புகை விதிக் கார்களுக்கு, கார் தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓ.பி.டி. முறையின் இரண்டாம் கட்டம் கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய சில கார்கள் கம்பெனியின் சொந்த மொழியில்தான் பதில் சொல்லும், அடாப்டர் விழிக்கும். காரில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். ஏர்பேக், ஏ.பி.எஸ். லைட்டுகளும் சாதாரண ஆப்பில் பெரும்பாலும் வராது.

அடாப்டரில் ஈ.எல்.எம். 327 என்று உள்ளே இருக்கும் சிப்பின் பெயர் எழுதியிருக்கும். பெரும்பாலும் நகல்தான், பழைய கார்களின் மெதுவான இணைப்பில்தான் முதலில் தடுமாறும். ஐபோன் வைத்திருப்பவர்கள் பழைய வகை ப்ளூடூத் அடாப்டர் வாங்கி ஏமாற வேண்டாம், வைஃபை அல்லது ப்ளூடூத் எல்.இ. பார்த்து வாங்குங்கள்.

பெங்களூரில் இன்னொரு வேடிக்கை. மேஃப் இல்லாமல், இன்டேக் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள காரில், இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, இங்கே 91 காட்டுகிறதே, சென்சார் போச்சா என்று போன் பண்ணுகிறார்கள். 101 கடல் மட்டத்துக்கு. நாம் சுமார் 920 மீட்டர் மேலே இருக்கிறோம், 91 சரிதான்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். அந்த சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி கரன்ட் இருக்கும். அடாப்டர் 40 மில்லி ஆம்பியர் இழுத்தாலே நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி உள்ள சின்னக் காரை மூன்று வாரம் பேஸ்மென்ட்டில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது தள்ளத்தான் வேண்டும். தவிர, நகல் அடாப்டர்களின் பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234 தான், பக்கத்துக் காரில் இருப்பவரும் இணையலாம்.

இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஸ்கேன் ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், ஓரம் கட்டுங்கள். மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, பலமாக இருக்கிறது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். மற்றபடி கோட், ஃப்ரீஸ் ஃப்ரேம் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வந்தால் மெக்கானிக்குக்குப் பாதி நாள் மிச்சம்.

கிளம்பும்போது அந்தத் தம்பி, கழற்றின பழைய சென்சாரை என்ன செய்யட்டும் என்று கேட்டார். டிக்கியில் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். நல்ல சென்சார்தான் அது.