அஃபினிட்டி: சம்பந்தமா, நாட்டமா, பற்றா?

மருந்து ஆய்வில் அடிக்கடி அடிபடும் சொல் ‘பைண்டிங் அஃபினிட்டி’. ஒரு சிறு மூலக்கூறு ஒரு புரதத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது என்பதே அதன் பொருள். ஆய்விதழ்களில் சிதறிக் கிடக்கும் இந்த அளவுகளை பைண்டிங்டிபி, செம்பிள் போன்ற தரவுத்தளங்கள் திரட்டி, யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஃபினிஸ்’ என்றால் எல்லை. ‘அஃபினிஸ்’ என்றால் எல்லையை ஒட்டியது. அதில் பிறந்த ‘அஃபினிடாஸ்’ திருமணத்தால் வரும் உறவைக் குறித்தது. நம் பேச்சில் சம்பந்தம். ரத்த உறவு அல்ல, கொண்டு கொடுத்து உண்டானது. 1718இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஜொஃப்ரவா, எந்தப் பொருள் எதோடு சேரும், எது வந்தால் எது விலகும் என்று ஓர் அட்டவணை போட்டார். அவர் வைத்த பெயரும் ‘உறவுகள்’தான், அஃபினிட்டி அட்டவணை என்ற பெயர் பிறகு நிலைத்தது. இன்றைய தரவுத்தளங்களுக்கு அதுதான் பாட்டன் என்பேன்.

தமிழில்? பாடநூல்களில் எலக்ட்ரான் அஃபினிட்டிக்கு ‘எலக்ட்ரான் நாட்டம்’ என்று இருப்பதால் ‘பிணைப்பு நாட்டம்’ என்று எழுதிவிடுகிறோம். எனக்கு இதில் இரண்டு உறுத்தல்கள். நாட்டம் என்பது விருப்பம். இங்கே அளப்பதோ பிடியின் உறுதியை. ‘பிணைப்பு’ என்றதும் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து வலுவாகச் சேரும் சகப்பிணைப்புதான் நினைவுக்கு வரும். பெரும்பாலான மருந்துகளோ வலுக்குறைந்த ஈர்ப்புகளால் ஒட்டி, பிறகு கழன்றுகொள்பவை.

‘பற்று’ என்றால் என்ன? பிடித்தலும் அதுவே, ஈடுபாடும் அதுவே. கணக்குப் புத்தகத்துப் பற்று வரவு குறுக்கே வரும், உண்மைதான். ‘பற்றுறுதி’ என்றால் அந்தக் குழப்பமும் இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பற்றுறுதியைப் பிரிகை மாறிலியாகக் குறிப்பது வழக்கம்: புரதத்தின் பிடிப்பிடங்களில் பாதி நிரம்பத் தேவையான மருந்து மூலக்கூறின் செறிவு. எனவே எண் சிறுத்தால் பிடி இறுகும். நானோமோலார் என்ற செறிவு அலகில் சொன்னால், 1 நானோமோலார், 1,000 நானோமோலாரைவிட ஆயிரம் மடங்கு இறுக்கம். தரவுத்தளங்களில் அதன் பக்கத்திலேயே இருக்கும் ஐசி50 என்ற அளவு வேறு. புரதத்தின் செயலைப் பாதியாகக் குறைக்கும் செறிவு அது. சோதனை நிலைமை மாறினால் எண்ணும் மாறும். அதைப் பற்றுறுதி என்று எழுதக் கூடாது, ‘பாதித்தடுப்புச் செறிவு’ என்றால் போதும்.