இருமலுக்கு எத்தனை நாள் தவணை?

காய்ச்சல் விட்டுவிட்டது, உடம்பு வலியும் போய்விட்டது, இருமல் மட்டும் விடுவேனா என்கிறது. ஆறாம் நாள் மருந்துக் கடையில் ஒரு சிரப். ஒன்பதாம் நாள் வேறொரு சிரப். பன்னிரண்டாம் நாள், “டாக்டர், கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஒரு ஆன்டிபயாடிக் எழுதுங்களேன்.” பல வீடுகளில் நடப்பது இதுதான்.

சாதாரணச் சளியோடு வரும் இருமல் எத்தனை நாள் இருக்கும்? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பெரியவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 7 முதல் 9 நாள் என்பதுதான் அவர்கள் சொன்ன பதில்களின் சராசரி. நோயாளிகளை உண்மையில் தொடர்ந்து கவனித்த பழைய ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது வந்த சராசரியோ 17.8 நாள். இது 2013-ல் வெளியான ஆய்வு. அப்படியானால் பன்னிரண்டாம் நாள் இருமல் இன்னும் தன் வழக்கமான தவணைக்குள்தான் இருக்கிறது. அன்றைக்கு ஆன்டிபயாடிக் தொடங்கினால், பதினெட்டாம் நாள் தானாகவே அடங்கப்போகிற இருமலுக்கு அந்த மாத்திரை பெயர் வாங்கிக்கொள்ளும். அடுத்த முறை ஐந்தாம் நாளே அதைக் கேட்போம்.

ஏன் இவ்வளவு நாள் இழுக்கிறது என்று புரிய, இருமல் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். குரல்வளையிலும், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலும் நுண்ணிய நரம்பு நுனிகள் நிறைய இருக்கின்றன. தூசோ புகையோ சளியோ பட்டால் அவை வேகஸ் நரம்பு வழியாக மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளத்துக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து கட்டளை வரும். முதலில் ஆழமாக ஒரு மூச்சு. அடுத்து குரல்வளை இறுக மூடிக்கொள்ளும். வயிற்றுத் தசையும் விலா இடைத் தசையும் சுருங்கி, மூடிய நெஞ்சுக்குள் காற்றை நெருக்கும். பலமான இருமலில் இந்த அழுத்தம் 300 மில்லிமீட்டர் பாதரசம் வரைகூடப் போகலாம். பி.பி. கருவியில் நாம் பார்க்கும் 120-ஐ நினைத்துக்கொண்டால் இதன் அளவு புரியும். பிறகு குரல்வளை சட்டென்று திறக்க, காற்று சீறிக்கொண்டு வெளியே வரும். நாள்கணக்கில் இருமுகிறவருக்கு விலா வலிப்பதும், சில பெண்களுக்குச் சிறுநீர் கசிவதும், அரிதாக விலா எலும்பே கீறல் விடுவதும் இந்த அழுத்தத்தால்தான். (காது குடையும்போது சிலருக்கு இருமல் வருகிறதே, அதற்கும் வேகஸ்தான் காரணம். அதன் ஒரு கிளை காதுத் துவாரம் வரை போகிறது.)

சளி வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலைச் சேதப்படுத்திவிடுகிறது. சிராய்த்த முழங்காலில் தண்ணீர் பட்டாலே எரிவது போல, தோல் உரிந்த இடத்தில் நரம்பு நுனிகள் தொட்டாற்சிணுங்கியாக இருக்கும். பேசினால் இருமல், சிரித்தால் இருமல், ஏ.சி. காற்று பட்டால் இருமல். வைரஸ் எப்போதோ போயிருக்கும், புண் ஆறத்தான் நாளாகிறது. ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை. ஆற வேண்டிய புண்ணில் அதற்கு வேலையே இல்லை. சளி பச்சையாக வருகிறதே என்று பயப்படுவார்கள். நோயோடு போராட வரும் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறமே பச்சைதான். வைரஸ் சளியிலும் அது வரும்.

சரி, அப்படியானால் எத்தனை நாள்தான் பொறுத்திருப்பது? மருத்துவர்களின் பொதுவான வகைப்பாட்டில் 3 வாரத்துக்குள் இருப்பது புது இருமல், 8 வாரத்தைத் தாண்டினால் நாள்பட்ட இருமல், இடையில் இருப்பது இரண்டுங்கெட்டான். குழந்தைகளுக்கு 4 வாரம் தாண்டினாலே நாள்பட்டதுதான். ஆனால் இந்திய அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டம் 2 வாரம் இருமினாலே டிபி பரிசோதனைக்கு வரச் சொல்கிறது. முன்பு இங்கேயும் 3 வாரமாகத்தான் இருந்தது, பிறகு குறைத்தார்கள். சராசரி 18 நாள் என்று தெரிந்தும் 14-ஆம் நாளே வரச் சொல்வது முரணாகத் தோன்றலாம். இரண்டு வார இருமல்காரர்களில் பெரும்பாலோருக்கு டிபி இருக்காது என்பது திட்டம் வகுத்தவர்களுக்கும் தெரியும். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது, தேவையில்லாமல் பத்துப் பேருக்குச் சளிப் பரிசோதனை செய்வதைவிட, ஒருவரை விட்டுவிடுவதுதான் பெரிய நஷ்டம். அந்த ஒருவர் வீட்டிலும் பஸ்ஸிலும் இருமிக்கொண்டே இருப்பார்.

நாள்கணக்கோடு போக்கையும் கவனிக்கலாம். சளி இருமல் முதல் சில நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்குமுகமாக இருக்கும். டிபி கிருமியின் கதை வேறு. பல பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்துக்குள் இரண்டாகப் பெருகும்போது, இது ஒருமுறை பெருகவே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதனால் அந்த இருமல் சத்தமில்லாமல் தொடங்கி மெல்ல ஏறும். மாலையில் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, சட்டை தொளதொளப்பது எல்லாம் கூடவே வரும். நேற்றைவிட இன்று குறைவு என்று சொல்ல முடிகிற இருமலைவிட, போன வாரத்தைவிட இந்த வாரம் கூடுதல் என்கிற இருமல்தான் எனக்குக் கவலை தருகிறது.

இதில் இன்னொரு சிக்கல். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் போடும் லீவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் டிபி கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் குறைந்த மாதிரி இருக்கும், பரிசோதனையிலும் கிருமி தட்டுப்படாமல் போகலாம். சில வாரம் கழித்து நோய் திரும்ப வரும்போது நுரையீரல் கூடுதலாகக் கெட்டிருக்கும். ஆகவே பரிசோதனை முதலில், மாத்திரை அப்புறம்.

பரிசோதனையில் பலர் சொதப்புவது சளி கொடுக்கும் இடத்தில்தான். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். எச்சிலில் கிருமியைத் தேடிப் பயனில்லை. காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, திறந்தவெளியில் நின்று இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். கெட்டியாக, கொழகொழவென்று இருந்தால் அது சளி. நுரையும் தண்ணீருமாக இருந்தால் எச்சில். இன்னொருமுறை முயல வேண்டியதுதான். அரசு மையங்களில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். சாதாரண டிபிக்கு மாத்திரை 6 மாதம். ஆஸ்பத்திரியில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வு மையம்தான்.

டிபி இல்லை என்று வந்தும் இருமல் போகவில்லையா? மூக்கிலிருந்து தொண்டைக்குள் வடியும் சளி, வீசிங் சத்தமே இல்லாமல் இருமலாக மட்டும் வரும் ஆஸ்துமா, மேலேறும் வயிற்று அமிலம் ஆகிய மூன்றும்தான் அடிக்கடி பிடிபடும் காரணங்கள். புகை பிடிப்பவர்களும், வருடக்கணக்கில் விறகடுப்புப் புகையில் சமைத்தவர்களும் தனிக் கணக்கு. பழகிப்போன இருமல் திடீரென்று தன்மை மாறினால் அவர்கள் எக்ஸ்ரே எடுக்காமல் இருக்கக் கூடாது.

பலருக்கும் தோன்றாத ஒரு காரணம், தினமும் போடும் பி.பி. மாத்திரை. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று ‘ப்ரில்’ போட்டு முடியும் மருந்துகள் உடலில் ஒரு நொதியைத் தடுத்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கின்றன. அந்த நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகைனின் என்ற பொருளை அவ்வப்போது சிதைப்பதும் அதுதான். நொதியைத் தடுத்தால் பிராடிகைனின் மூச்சுப்பாதையில் தேங்கி, இருமல் நரம்புகளைச் சீண்டுகிறது. தொண்டையில் எதுவோ அரிக்கிற மாதிரி வறட்டு இருமல். மாத்திரை தொடங்கிச் சில மாதம் கழித்துக்கூட வரும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. தானாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றித் தருவார். மாற்றிய பின் பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்தில் அடங்கும்.

இரவில் மட்டும் வாட்டும் வறட்டு இருமலுக்கு நம் பக்கத்தில் ஒரு தனிக் காரணமும் உண்டு. யானைக்கால் நோயைத் தரும் புழுவின் நுண்குஞ்சுகள் நுரையீரலில் சிக்கும்போது உடல் அளவுக்கு மீறிக் கொந்தளிக்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஈசினோபில் என்ற வகை வெள்ளணுக்கள் வழக்கமாக 500-க்குள் இருக்க வேண்டியவை 3,000-ஐத் தாண்டிவிடும். பார்க்க ஆஸ்துமா மாதிரியே இருக்கும், ஆனால் மருந்து வேறு. அதற்காக ரிப்போர்ட்டில் 700 என்று பார்த்ததும் “எனக்கு அந்த நோய்தான்” என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. சாதாரண அலர்ஜிக்கும் அந்த அளவு ஏறும்.

நாள் எண்ணவே கூடாத இருமல்களும் இருக்கின்றன. சளியில் ரத்தம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி இருந்தால் முதல் நாளே போக வேண்டும். படுத்தால் இருமி, எழுந்து உட்கார்ந்தால் குறைந்து, காலும் வீங்கியிருந்தால் கோளாறு இதயத்தில் இருக்கலாம். வேர்க்கடலை தின்று விளையாடிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று இருமத் தொடங்கினால், கடலை மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். இருமல் பிறகு அடங்கினாலும் காட்டிவிட வேண்டும்.

சிறு குழந்தைக்கு சிரப் தேடுவதைவிட மூச்சை எண்ணுவது மேல். 2 வயதுக்குள் இருமல் சிரப்பே கொடுக்க வேண்டாம், ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுதாக ஒரு நிமிடம், நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ விடியும் வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.