வனக்குளியலுக்குத் துண்டு எதற்கு?

கோத்தகிரிப் பக்கம் ஒரு விடுதி. வாசல் பலகையில் ‘காலை 6.30 – வனக்குளியல்’ என்று எழுதியிருந்தது. மறுநாள் விடிந்ததும் என் அத்தை தோளில் துண்டு, துணிப்பையில் மாற்றுப்புடவை, சோப்பு டப்பா சகிதம் வந்து நின்றார். கூட்டிப்போக வந்த பையனிடம் “அருவி எவ்வளவு தூரம் தம்பி?” என்று கேட்டார். அருவியெல்லாம் இல்லைம்மா, மரத்தடியில் பேசாமல் உட்காரப் போகிறோம் என்று அவன் சொன்னதும் அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

தப்பு அத்தை மேல் இல்லை, பலகை மேல். அதன் பிறகு இந்த வனக்குளியலை வார இதழ் இணைப்பிலும் யூடியூபிலும் எத்தனை தடவை பார்த்துவிட்டேன் என்று கணக்கே இல்லை.

மூலச்சொல் ஜப்பான் மொழியில் ‘ஷின்ரின்-யோகு’. ஷின்ரின் என்றால் காடு, யோகு என்றால் குளிப்பு. சிலர் அளப்பது போல ஆயிரம் வருடத்து ஜென் ரகசியம் ஒன்றும் இல்லை. 1982-இல் அந்நாட்டு வனத்துறை, ஜனங்களைக் காட்டுப்பக்கம் வரவழைப்பதற்காக உண்டாக்கிய சொல். நாகானோ மாநிலத்தில் அகசாவா என்ற காட்டில், சுமார் 300 வயது ஹினோகி மரங்களுக்கு நடுவே தொடங்கியது. மெதுவாக நடப்பது, நிற்பது, மர வாசனையை இழுத்து மூச்சு விடுவது, வாயை மூடிக்கொண்டு உட்காருவது, அவ்வளவுதான் பயிற்சி. எழுத்தில் பார்த்தால் இன்னும் அழகு. மரத்துக்கான எழுத்து ‘ஷின்’னுக்குள் மூன்று முறை, ‘ரின்’னுக்குள் இரண்டு முறை வரும். ஒரு சொல்லுக்குள் ஐந்து மரம்!

“ஜப்பான்காரனே குளிப்பு என்றுதானே சொல்கிறான், நமக்கென்ன?” என்பார்கள். சொல்கிறான்தான், யோகு என்ற எழுத்தில் தண்ணீரின் குறிகூட இருக்கிறது. ஆனால் அதே எழுத்தை வினையாக்கி வெயில் படுவதற்கும் சொல்வான், மேடையில் கைதட்டல் வாங்குவதற்கும் சொல்வான், ஊரே சேர்ந்து திட்டுவதை வாங்கிக்கட்டிக்கொள்வதற்கும் சொல்வான். மேலே வந்து விழுவதை அப்படியே ஏற்றுக்கொள்வது என்று அதன் பொருள் விரிந்து கிடக்கிறது. நம் குளியல் அப்படி விரியவில்லை, அது வாளி, சொம்பு, ஆறு, அருவியோடு நிற்கிறது. வெயிலில் நாம் காய்கிறோம், கணப்பில் குளிர் காய்கிறோம், கடற்கரையில் காற்று வாங்குகிறோம். இப்படி ஒவ்வொன்றுக்கும் தனி வினை வைத்திருக்கிற மொழியில் எல்லாவற்றுக்கும் ‘குளியல்’ ஒட்டுவது சோம்பேறித்தனம். சூரியக் குளியலும் இதே சீக்குதான். மண் குளியலை விட்டுவிடலாம், அதில் உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக் கழுவவாவது செய்கிறார்கள்.

நண்பர் ஒருவர் முத்துக்குளித்தலை எடுத்துக்கொண்டு வந்தார். குளித்தல் என்றால் பழைய தமிழில் மூழ்குவது, ஆகவே காட்டில் மூழ்குவது என்று கொள்ளலாமே என்றார். நல்ல வாதம், பாதி மதிப்பெண் தரலாம். ஆனால் அந்தப் பொருள் இன்று முத்து, சங்கோடு மட்டும்தான் உயிரோடு இருக்கிறது, அதுவும் கடல் தண்ணீருக்குள்! ‘காட்டுக் குளியல்’ என்று மாற்றினாலும் கதை தேறாது. கொங்குப் பக்கம் காடு என்றால் விவசாய நிலம், அங்கே இதைச் சொன்னால் பம்புசெட்டில் குளிப்பதுதான் நினைவுக்கு வரும். வனம் வடசொல் என்று சண்டைக்கு வருகிறவர்களோடு நான் சேரவில்லை, வனத்துறையை வைத்துக்கொண்டுதானே இருக்கிறோம். எனக்குப் பொருள் விளங்கினால் போதும்.

‘காடு தோய்தல்’ என்று சொல்லிப் பாருங்கள். தோய்தலில் நீராடுவதும் உண்டு, படிவதும் உண்டு, மனம் ஒன்றிப்போவதும் உண்டு. வானைத் தொடும் மலையை ‘வான்தோய் மலை’ என்கிறோம். எனக்குப் பிடித்தது தயிர். உறை ஊற்றிய பாலை ஆட்டாமல் அசைக்காமல் ஒரு மூலையில் வைத்தால்தான் தோயும். அந்த அசையாமை குளியலில் ஏது? துணி தோய்ப்பது ஞாபகம் வருகிறது என்றார் அதே நண்பர். அது தோய்த்தல் ஐயா, வேறு வினை.

இதில் எனக்கு எரிச்சல் மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான். ஜப்பானியச் சொல் ஆங்கிலத்துக்குப் போய் ‘ஃபாரஸ்ட் பாத்திங்’ ஆனது, அங்கிருந்து அகராதியைப் பிரித்து ஃபாரஸ்டுக்கு வனம், பாத்திங்குக்குக் குளியல் என்று இரண்டையும் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். காட்டுக்குப் போய் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால்கூட இந்தச் சொல் வந்திருக்காது.

ஊருக்குத் திரும்பிய அன்று அத்தை பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது: “காட்டுக்குள்ள போய் ஒரு மணி நேரம் சும்மா உக்காந்து காத்து வாங்கிட்டு வந்தோம். குளிச்சதெல்லாம் ரூம்லதான்.”