தண்ணீரில் நிற்கும் புதினா ஏன் வாடுகிறது?

ஐப்பசி பிறந்து நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலையில் கொஞ்சம் வெளுத்ததும் கொல்லைக்குப் போனேன். திருவாரூர் மாவட்டத்தில் கொரடாச்சேரிப் பக்கம் எங்கள் ஊர், களிமண் கொல்லை. புதினாப் பாத்தியில் கணுக்கால் மூழ்கும் தண்ணீர். அதன் நடுவே புதினா தலை தொங்கிக் கிடந்தது. சித்திரை வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் விட்டால் எப்படித் தொங்குமோ, அப்படியே. பின்னாலேயே வந்த அம்மா பார்த்துவிட்டு, "தண்ணியிலதான் நிக்குது, ஆனா தாகத்துல வாடின மாதிரி இருக்கே" என்றார்.

அம்மா சொன்னது அறிவியல்படியும் சரி. அந்தச் செடி தாகத்தில்தான் வாடியிருந்தது.

ஒரு கொத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறியிருந்தது. விரலால் லேசாக உருவியதும் மேல்தோல் உறைபோல் கழன்று வந்து, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியது. மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை நாற்றம். நடவு வயல் சேற்றில் கால் வைத்ததும் குமிழி விட்டு எழுமே, அதே வாடைதான். காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் மண்ணில் உள்ள சல்பேட்டிலிருந்து உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது.

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் இருக்கும் காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. மழை அந்த இடைவெளிகளை நிரப்பிவிட்டால் கதை மாறிவிடும். காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீரில் அது கிட்டத்தட்ட 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. தேங்கிய தண்ணீரில் மிச்சமிருப்பதையும் வேரும் மண்ணின் நுண்ணுயிர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. அப்புறம் வேர்ச் செல்கள் மாவு புளிப்பதுபோல நொதித்தலுக்கு மாறுகின்றன. ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து 30 அளவுக்குக் கிடைக்கும் ஏ.டி.பி என்ற ஆற்றல் நாணயம், நொதித்தலில் 2 மட்டுமே கிடைக்கும். செல்லின் உட்புறம் அமிலமாகிறது. வேர்ச் செல்களின் சவ்வில் தண்ணீரை உள்ளே விடுவதற்கென்றே அக்வாபோரின் என்னும் புரத வாசல்கள் இருக்கின்றன. அமிலம் கூடியதும் அவை மூடிக்கொள்கின்றன. கழுத்தளவு தண்ணீர் நின்றாலும் இலைக்கு ஒரு சொட்டும் ஏறாது. செடி வாடுகிறது. அதைப் பார்த்து இன்னொரு குடம் ஊற்றுபவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

அதே கொல்லைக்கு அடுத்து, வரப்பைத் தாண்டினால் சம்பா நெல் அதே தண்ணீரில் பச்சைப் பசேலென்று நிற்கிறது. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. இலை வழியாக வாங்கிய காற்று அந்தக் குழாய்களில் இறங்கி வேர்நுனி வரை போகிறது. ஒரு நெற்பயிரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள், வேர் துருப்பிடித்தாற்போல் செம்பழுப்பாக இருக்கும். உண்மையிலேயே அது துருதான். வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன், சேற்றில் கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கி வேரின் மேலேயே படிய வைக்கிறது. வயலில் வேலை செய்கிற எல்லோரும் தினம் பார்ப்பது இது. அறிவியல் இவ்வளவு கிட்டத்தில் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம் என்பதால் சொல்லத் தோன்றியது.

குளிர்நாடுகளில் சமையல் செடிகளைக் குளிர்காலத்துக்கு வீட்டுக்குள் எடுத்து வைப்பார்கள். உறைபனியில் செல்லுக்குள் தண்ணீர் பனிக்கட்டியாகிக் குத்திக் கிழித்துவிடும் என்ற பயம். நம் டெல்டாவில் மார்கழி விடியலிலும் குளிர் ஏறக்குறைய 20 டிகிரியோடு நின்றுவிடும். கறிவேப்பிலை அப்போது கொழுந்து விடுவதைக் குறைத்துக்கொள்ளுமே தவிர சாகாது. நமக்குச் செடியைக் காப்பாற்ற வேண்டிய காலம் ஐப்பசியும் கார்த்திகையும்தான்.

ஆகவே புரட்டாசியிலேயே புதினாவின் ஓடுதண்டுகளில் நாலைந்தை வெட்டித் தொட்டியில் ஊன்றி, தாழ்வாரத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். கணுவோடு வெட்டுவது முக்கியம், அங்கிருந்துதான் புதுத் தளிரும் பெரும்பாலும் புது வேரும் வரும். நுனியிலிருந்து கீழிறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வெட்டுவாயில் தேங்கி வேர்விடச் செய்கிறது. கற்பூரவல்லிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், ஒரு கிளையை ஒடித்து மணலில் குத்தினால் போதும். வெள்ளத்தில் தாய்ச்செடி போனாலும் பிள்ளை மிஞ்சும்.

தொட்டி விஷயத்தில் ஒரு நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். அடியில் ஒரு கை உயரம் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் போடுகிறார்கள். நடப்பது நேர் எதிர். மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் பஞ்சுபோல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கீழே பெரிய இடைவெளி உள்ள ஜல்லி இருந்தால் தண்ணீர் எளிதில் அதற்குள் இறங்காது, மண்ணின் அடிப்பகுதி முழுக்க ஊறி நிரம்பிய பிறகே சொட்டும். எந்தத் தொட்டியிலும் அடியில் ஈரம் தேங்கும் ஒரு பட்டை உண்டு. ஜல்லி போட்டால் அந்தப் பட்டை வேரை நோக்கி மேலே ஏறுகிறது. பதிலுக்கு, களிமண்ணோடு ஆற்று மணலும் மட்கிய தென்னை நார்க்கழிவும் கலந்து தொட்டி முழுக்க ஒரே கலவையாக நிரப்பி, அடியில் துளைகள் அடைபடாமல் மூன்று செங்கல் மேல் தூக்கி வையுங்கள். உயரமான தொட்டியாக இருந்தால் இன்னும் நல்லது.

செடி சரி, மழைக்காலச் சமையலுக்கு இலைக்கு என்ன செய்வது? அதற்கு ஆடியிலேயே இலையைக் காய வைக்கத் தொடங்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் வரும் ஆடிக் காற்று வறண்ட காற்று. ஒரு பண்டத்தின் ஈரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வரப் பார்க்கும். அந்தச் சமநிலை 60 விழுக்காட்டு ஈரப்பதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளர முடியாது. அடைமழைக் காற்றில் ஈரம் 90ஐத் தொடும்போது முறத்தில் பரப்பிய இலை எத்தனை நாள் கிடந்தாலும் காயாது, பூசணம்தான் பிடிக்கும்.

காய வைப்பது நிழலில். கறிவேப்பிலை ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசி குத்தினாற்போல் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சைக் குடும்பம் என்பதால் எலுமிச்சை இலையிலும் அதே புள்ளிகள் உண்டு. வெயிலின் சூட்டில் அந்த எண்ணெய் ஆவியாகிறது, ஒளியில் பச்சையம் சிதைந்து இலை வெளிறுகிறது. திண்ணையில் வேட்டி விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, காற்றைப் பாய விட்டால் போதும். கறிவேப்பிலையில் மூன்றில் இரண்டு பங்குதான் தண்ணீர், சீக்கிரம் காயும். புதினாவில் 100 கிராமுக்கு 85 கிராம் அளவுக்குத் தண்ணீர், பொறுமை வேண்டும். கையில் எடுத்து நொறுக்கினால் சலசலவென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்ததும் நொறுக்காமல் முழு இலையாகவே எவர்சில்வர் டப்பாவில் அடைத்துவிடுங்கள். பொடித்தால் சுரப்பிகள் உடைந்து மணம் போய்விடும்.

கொத்தமல்லித் தழையை மட்டும் காய வைக்காதீர்கள். புதினாவுக்கு மணம் தரும் கார்வோன் காய்ந்த இலையிலும் தங்கும். கொத்தமல்லித் தழையின் மணமோ டெக்கனல் போன்ற ஆல்டிஹைடுகளால் ஆனது, காயும்போதே பறந்தும் சிதைந்தும் போய்விடும். மிஞ்சுவது வைக்கோல். தனியாவின் மணம் வேறு, அது லினலூல், விதையின் தோட்டுக்குள் பத்திரமாக இருக்கும்.

தழைக்குத் தொக்குதான் வழி. புளி, உப்பு, மிளகாய் சேர்த்து அரைத்து நல்லெண்ணெயில் சுருள வதக்கும்போது என்ன நடக்கிறது? சூட்டில் இலையைக் கறுக்க வைக்கும் நொதிகள் செயலிழக்கின்றன. புளியின் டார்டாரிக் அமிலம் புளிப்பை ஏற்றுகிறது. புளிப்பு ஏற ஏற இறங்கும் பி.எச் என்ற அளவு 4.6க்குக் கீழே போனால் போட்டுலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளராது. தண்ணீர் வற்றுவதை எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்பது காட்டிக்கொடுக்கும். ஜாடியில் மேலே மிதக்கும் எண்ணெய் பூசணத்துக்குக் காற்று கிடைக்காமல் தடுக்கிறது. புளிப்பும் இல்லாமல் வதக்கவும் செய்யாமல் பச்சை இலையை அப்படியே எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைப்பது ஆபத்தானது. நஞ்சை உண்டாக்கும் அந்தப் பாக்டீரியாவுக்குத் தேவையான காற்றில்லாத ஈர இடத்தை நாமே செய்து கொடுத்ததாகிவிடும். ஈரக்கரண்டியையும் ஜாடியில் விடக்கூடாது என்று வீட்டில் கத்துவார்களே, அதற்கும் காரணம் அந்த ஒரு சொட்டுத் தண்ணீர்தான்.

ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலையைக் கழுவாமல், காகிதத்தில் சுற்றி வைத்தால் தாங்கும். திருநீற்றுப் பச்சிலை தாங்காது. வெப்பநிலத்துச் செடி அது, 10 டிகிரிக்குக் கீழே செல் சவ்வுகள் இறுகி இலை கறுத்துவிடும். தம்ளரில் தண்ணீர் வைத்துத் தண்டைச் செருகி அடுக்களை ஜன்னலில் நிறுத்துங்கள்.

பொங்கல் முடிந்து கொல்லை காய்ந்ததும் தாழ்வாரத்துப் புதினாவைத் திரும்பப் பாத்திக்கு மாற்றலாம். கொத்தமல்லி விதைக்கவும் அதுவே நல்ல பருவம், வெயில் ஏறினால் சீக்கிரம் பூத்துவிடும். தனியாவைத் தரையில் போட்டுச் செருப்புக்காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதையுங்கள். நாம் விதை என்று சொல்லும் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் இரண்டு விதைகள் இருக்கின்றன.